நாய் வீட்டுக்காரருடையது, பிள்ளை குடித்தனக்காரருடையது: கடித்தால் யார் பொறுப்பு?

6 ஜூலை 2025, ஞாயிறு, இரவு 9:40. கொருக்குப்பேட்டை, வட சென்னை

லைன் வீடு. கீழே ஹவுஸ் ஓனர், மேலே மூணு குடித்தனம். ஓனர் வளர்க்கிற நாயை மாடிப்படிக்குக் கீழே கட்டியிருப்பாங்க. கலப்பு நாய், 3 வயசு. நேத்து சாயங்காலம் அது சாப்பிட்டுக்கிட்டிருந்தப்போ மாடி வீட்டுப் பையன், 4 வயசு, உருண்டுபோன பந்தை எடுக்க இறங்கியிருக்கான். கன்னத்துலயும் முழங்கையிலயும் கடி. ஓனர் அப்போ வேலையில இருந்தார், நாயைப் பார்த்துக்கிட்டது அவரோட 13 வயசு மகன். லைன்ல எல்லாரும் சொல்றது, "பெத்தவங்க பார்த்திருக்கணும்." ஓனர் சொல்றது, "நாய் இருக்குன்னு தெரிஞ்சுதானே குடி வந்தீங்க, வாசல்ல போர்டும் மாட்டியிருக்கேன்." எனக்கு இது சரியாப் படலை. பொறுப்பு யாருக்கு?

6 ஜூலை, இரவு 9:58. ராயபுரம் (செவிலியர்)

பொறுப்பை நாளைக்குப் பேசலாம். பிள்ளைக்கு என்ன செஞ்சீங்க? தோல் கிழிஞ்சு ரத்தம் வந்திருந்தா அது மூன்றாம் வகைக் காயம், கடியிலேயே ரொம்பத் தீவிரமான வகை, அதுவும் முகத்துல. வெறிநோய்த் தடுப்பூசி மட்டும் போதாது, இம்யூனோகுளோபுலினும் (வெறிக்கிருமியை நேரா எதிர்க்கிற, ஏற்கெனவே தயாரா இருக்கிற எதிர்ப்புப் பொருள்) போடணும். அது குதிரை ரத்தத்துலேர்ந்து எடுத்ததா இருந்தா கிலோவுக்கு 40 யூனிட், மனித ரத்தத்துலேர்ந்துன்னா 20 யூனிட். 15 கிலோ பிள்ளைக்கு 600 அல்லது 300 யூனிட். அதைக் கையில குத்திட்டு அனுப்பக் கூடாது, கடிபட்ட புண்ணுக்குள்ளேயும் புண்ணைச் சுத்தியும் போடணும். தடுப்பூசி வேலை செய்ய ஒரு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் புண்ணுல இருக்கிற கிருமியைப் பிடிக்கிறது இதுதான்.

தடுப்பூசி 0 (முதல் ஊசி போடுற நாள்), 3, 7, 28-ஆம் நாள், ஒவ்வொரு தடவையும் தோலுக்குள்ள ரெண்டு இடத்துல 0.1 மில்லி. நேத்து போட்டிருந்தா அடுத்தது செவ்வாய்.

6 ஜூலை, இரவு 10:20. கொருக்குப்பேட்டை

நேத்து ராத்திரியே ஒரு கிளினிக்குக்குப் போயாச்சு. கையில ஒரே ஊசி, அப்புறம் டிடி (டெட்டனஸ் ஊசி). கன்னத்துல எதுவும் போடலை, ரெண்டு தையல் போட்டாங்க. போறதுக்கு முன்னாடி வீட்டுல மஞ்சள்தூள் அப்பியிருந்தாங்க, தண்ணியில லேசாத் துடைச்சதோட சரி.

6 ஜூலை, இரவு 10:31. ராயபுரம்

அப்போ நான் மேலே எழுதின அட்டவணையை விட்டுடுங்க. ஒரே ஊசின்னா தசையில போட்டிருக்காங்க. அதுக்குக் கணக்கு 0, 3, 7, 14, 28. உங்களுக்கு ஜூலை 5, 8, 12, 19, ஆகஸ்ட் 2. அரசு ஆஸ்பத்திரியில நடுவுல முறை மாறினாலும் முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

இம்யூனோகுளோபுலின் இன்னும் தாமதமாகலை. முதல் தடுப்பூசி போட்ட நாள்லேர்ந்து 7 நாளுக்குள்ள போடலாம். அதுக்கு மேல போனா உடம்பே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஆரம்பிச்சிருக்கும், அப்போ வேண்டாம். அதனால நாளைக்குக் காலையிலேயே, கடிபட்ட நேரம், போட்ட ஊசியோட சீட்டு ரெண்டையும் எடுத்துக்கிட்டு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. முகத்துக் காயம், தையலும் போட்டாச்சு. அங்கே பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கு. நாய்க்கடியை உடனே இழுத்துத் தைக்கிறதில்லை. பல்லு இறங்கின ஓட்டை மேலே சின்னதா, உள்ளே ஆழமா இருக்கும். புண்ணோட வாயை மூடிட்டா சீழும் கிருமியும் உள்ளேயே நிக்கும். முகத்துல தச்சுத்தான் ஆகணும்னா இம்யூனோகுளோபுலின் போட்ட பிறகு, தளர்வா ஒண்ணு ரெண்டு.

வீக்கம், சிவப்பு, சீழ், காய்ச்சல் இதுல எது வந்தாலும் அடுத்த ஊசித் தேதிக்குக் காத்திருக்காதீங்க.

6 ஜூலை, இரவு 10:40. ராயபுரம்

படிக்கிற எல்லாருக்கும்: கடிச்ச உடனே குழாயைத் திறந்து விட்டு, சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்து 15 நிமிஷம் கழுவணும். பிள்ளை அழும், இருந்தாலும் நிறுத்தக் கூடாது. அப்புறம் போவிடோன் அயோடின். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம். அதெல்லாம் புண்ணை எரிச்சு, கிருமியை இன்னும் உள்ளே தள்ளும். இந்தப் பதினஞ்சு நிமிஷத்துக்கு வீட்டுல இருக்கிற பெரியவங்க எல்லாரும் பொறுப்பு, இதுல ஓனர், குடித்தனம்னு பிரிக்க முடியாது.

7 ஜூலை, திங்கள், இரவு 7:15. பாரிமுனை (வழக்கறிஞர்)

கேள்விக்கு நேராகப் பதில்: நாயின் உரிமையாளர். மாநகராட்சி உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர். பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 291-ஆம் பிரிவு: தன்னிடமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து நேரக்கூடும் என்றிருக்கும்போது, போதிய பாதுகாப்புச் செய்யாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1-க்கு முன் இது இந்திய தண்டனைச் சட்டம் 289, அபராதம் 1000 மட்டும். 2024 மே மாதம் ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் காவலாளியின் 5 வயது மகளை இரண்டு ராட்வைலர்கள் கடித்தபோது 289-உம் 336-உம் (பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்தான கவனக்குறைவு) போட்டுத்தான் நாயின் உரிமையாளரைக் கைது செய்தார்கள்.

7 ஜூலை, இரவு 11:05. பாரிமுனை

என் பதிலைத் திருத்துகிறேன். அவசரத்தில் "உரிமையாளர்" என்று எழுதிவிட்டேன். 291 கேட்பது நாயை யார் வாங்கினார், உரிமம் யார் பெயரில் என்பதை அல்ல. அது யார் வசம் இருந்தது என்பதையே கேட்கிறது. மச்சான் ஊருக்குப் போகும்போது விட்டுச்சென்ற நாய் உங்கள் வாசலில் ஒரு பிள்ளையைக் கடித்தால், அந்த நேரத்தில் அது உங்கள் வசம். நடத்திச் செல்லக் கூலிக்கு ஆள் வைத்தால் கயிறு அவர் கையில், எனவே வசமும் அவரிடம். ஆனால் கடிக்கிற பழக்கத்தைச் சொல்லாமல் கொடுத்திருந்தால் கொடுத்தவரும் தப்ப முடியாது.

இங்கே 13 வயதுப் பையன். அவன் பலத்துக்கு மீறிய நாயை அவனிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனதே பெரியவரின் கவனக்குறைவு. அந்தப் பையனை யாரும் குற்றவாளி ஆக்க வேண்டாம். அவனும் ஒரு பிள்ளை. கண்ணெதிரே இது நடந்ததைப் பார்த்தவன் அவன்தான்.

8 ஜூலை, செவ்வாய், காலை 6:50. வியாசர்பாடி (நாய் பழக்குபவர்)

சங்கிலி எவ்வளவு நீளம்? படிக்கட்டோட முதல் படியிலேர்ந்து கொக்கி எவ்வளவு தூரம்?

8 ஜூலை, காலை 8:10. கொருக்குப்பேட்டை

அளந்து பார்த்தேன். சங்கிலி 6 அடி. கொக்கியிலேர்ந்து முதல் படி 4 அடி. நடைபாதையோட அகலமே மூணரை அடிதான். ஸ்டான்லியில நேத்து புண்ணைச் சுத்தி ஊசி போட்டுட்டாங்க, ஒரு தையலைப் பிரிச்சுட்டாங்க. இன்னைக்கு ரெண்டாவது தடுப்பூசியும் ஆச்சு.

8 ஜூலை, காலை 8:45. வியாசர்பாடி

அப்போ யாரைக் கேட்கணும்னு அந்தச் சங்கிலியே சொல்லிடுச்சு. 6 அடிச் சங்கிலின்னா நாய் 6 அடியில நிக்காது. கழுத்துப் பட்டையிலேர்ந்து மூக்கு நுனி வரைக்கும், எட்டிப் பாயுற உடம்பு நீளத்தோட, இன்னும் 2 அடி சேர்த்துக்கணும். ஆக 8 அடி வட்டம். படிக்கட்டு 4 அடியில இருக்கு. மூணு குடித்தனமும் நாள் முழுக்க அந்த வாய்க்குள்ளதான் ஏறி இறங்கியிருக்கு.

எல்லாரும் இன்னைக்கே செய்யலாம்: நாயை உள்ளே விட்டுட்டு, சங்கிலியைக் கொக்கியில மாட்டி இழுத்துப் பிடிச்சு, நுனியிலேர்ந்து 2 அடி தள்ளிக் கோலமாவுல ஒரு வளைவு போடுங்க. அந்தக் கோட்டுக்குள்ள படிக்கட்டு, குழாயடி, கக்கூஸ் கதவு, மீட்டர் பெட்டி எது வந்தாலும் அது நாய் கட்டுற இடம் இல்லை.

அதுக்காகச் சங்கிலியை 2 அடிக்குக் குறைச்சுடாதீங்க. அளவுக்கு மீறிக் குட்டையா, நாள் முழுக்கக் கட்டிப்போடுறது 1960-ஆம் வருஷ விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துல குற்றம். கட்டியே கிடக்கிற நாய்க்கு ஓடி ஒதுங்க வழி கிடையாது. பிள்ளை கிட்ட வந்தா அதுக்கு மிச்சம் இருக்கிறது பல்லு மட்டும்தான். மாத்த வேண்டியது கட்டுற இடத்தை.

8 ஜூலை, மதியம் 1:30. திருவொற்றியூர்

கொக்கியையும் பாருங்க. காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் உப்புக்காத்துல சாதா இரும்புக் கொக்கியோட ஸ்பிரிங் சீக்கிரமே துருப்பிடிச்சுப் பாதியில நின்னுடும். பூட்டின மாதிரி தெரியும், நாய் ஒரு இழுப்பு இழுத்தா வாய் திறந்துக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி வாங்குங்க, வாரம் ஒரு தடவை விரலால அமுக்கி விட்டுப் பாருங்க. தானா டக்குனு மூடலைன்னா மாத்திடுங்க. சுவத்துல அடிச்ச ஆணி வேண்டாம், ஆங்கர் போல்ட் போடணும். தண்ணி லாரி வர்ற நேரத்துல கேட் திறந்தே கிடக்கும், நிறைய நாய் வெளியே பாயுறது அப்போதான்.

8 ஜூலை, இரவு 9:20. பாரிமுனை

ஓனர் சொல்வதாக நீங்கள் எழுதிய இரண்டு வாதங்களுக்கும் வருகிறேன்.

"நாய் ஜாக்கிரதை" போர்டு. நாலு வயதுப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது. அதற்கும் மேலே, அந்த போர்டு ஓனருக்கு எதிராகத் திரும்பும். இந்த நாய் ஆபத்தானது என்று தெரிந்திருந்தது என்பதை அவரே எழுதி வாசலில் மாட்டியிருக்கிறார். தெரிந்திருந்தவர் என்ன தடுப்பு வைத்தார் என்பதே அடுத்த கேள்வி. "இதுக்கு முன்னாடி ஒருத்தரையும் கடிச்சதில்லை" என்றும் சொல்வார்கள். கடித்திருக்க வேண்டியதில்லை. தட்டருகே போனவரைப் பார்த்து உறுமியது, பால்காரர் மேல் பாய்ந்தது எல்லாம் கணக்கில் வரும். குடித்தனக்காரர்கள் யாராவது முன்பே வாட்ஸ்அப்பில் புகார் சொல்லியிருந்தால் அதை அழிக்காமல் வைத்திருங்கள்.

"தெரிஞ்சுதானே குடி வந்தீங்க." தெரிந்திருப்பது வேறு, சம்மதிப்பது வேறு. மாடிப்படி பொதுவழி, வாடகையில் அதுவும் சேர்த்தி. அதில் இறங்கும் பிள்ளை யார் இடத்திலும் அத்துமீறவில்லை.

பெற்றோர் கவனிக்காதது? அவர்கள் மேல் வருத்தப்படலாம், தப்பில்லை. ஆனால் இழப்பீடு கேட்கும் உரிமை பிள்ளையுடையது. பெற்றோர் அசந்துபோனதைப் பிள்ளையின் கணக்கில் கழிக்கக் கூடாது என்பதே சரியான நிலை. நாலு வயதுப் பிள்ளை மேல் "உன் கவனக்குறைவும் சேர்ந்தது" என்று பங்கு சுமத்தவும் முடியாது.

8 ஜூலை, இரவு 9:55. பெரம்பூர்

கடிச்சது சொந்த வீட்டு நாய், கடிபட்டது சொந்தப் பிள்ளைன்னா?

8 ஜூலை, இரவு 10:30. பாரிமுனை

291 யார் பிள்ளை என்று பார்ப்பதில்லை. நாயை வசத்தில் வைத்திருந்த பெரியவர் மேல் வழக்கு வரலாம், அவர் அப்பாவாக இருந்தாலும் தாத்தாவாக இருந்தாலும். நடைமுறையில் பெரும்பாலும் புகாரே வராது. அதனால்தான் இந்தக் கடிகள் வெளியே தெரிவதில்லை. ஆஸ்பத்திரியில் "தெரு நாய்" என்று பொய் சொல்லிவிடுகிறார்கள்.

8 ஜூலை, இரவு 10:42. ராயபுரம்

தயவுசெஞ்சு அந்தப் பொய்யைச் சொல்லாதீங்க. வீட்டு நாய்னா 10 நாள் கண்ணுல வச்சுப் பார்க்கலாம். அந்தத் தகவல் வைத்தியத்தையே மாத்தும்.

9 ஜூலை, புதன், காலை 6:30. வியாசர்பாடி

பெரம்பூர்க்காரர் கேட்டதுதான் எனக்கு ராத்திரி முழுக்க மனசுல ஓடிக்கிட்டிருந்துது. வீட்டு நாய்ன்னாலே "நம்ம பிள்ளையை ஒண்ணும் செய்யாது"ன்னு நம்புறாங்க. நாய் திடீர்னு கடிக்கிறது அபூர்வம். முன்னாடியே சொல்லும். முகத்தைத் திருப்பிக்கும், பசியில்லாம உதட்டை நக்கும், தூக்கமில்லாம கொட்டாவி விடும், தலையை அசைக்காம கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுவரும், வெள்ளை விழி தெரியும். அப்புறம் உடம்பு கட்டை மாதிரி விறைக்கும். அதுக்கப்புறம்தான் உறுமல். உறுமினா அடிக்கிறாங்க. அடிச்சு அடிச்சு உறுமலை நிறுத்திடலாம், ஆனா உள்ள இருக்கிற பயம் அப்படியேதான் இருக்கும். அடுத்த தடவை சத்தமில்லாமக் கடிக்கும். உறுமினா பிள்ளையை விலக்குங்க, நாயை அடிக்காதீங்க.

கடி விழுற நேரமும் ஏறக்குறைய ஒண்ணுதான்: சாப்பாட்டுத் தட்டு, தூக்கம், குட்டி போட்ட வாரம், காது சீழ், மூட்டு வலி, பட்டாசு. பிள்ளையோட முகம் நாய் வாய் உயரத்துலதான் இருக்கு, அதனாலதான் பெரியவங்களுக்குக் கையும் காலும், பிள்ளைங்களுக்குக் கன்னமும் தலையும்.

"பக்கத்துலதான் இருந்தேன்"னு சொல்றாங்களே, பக்கம்னா கை எட்டுற தூரம். சமையல்கட்டுல இருந்து எட்டிப் பார்க்கிறது இல்லை. கை எட்டாதுன்னா நடுவுல கதவு இருக்கணும்.

9 ஜூலை, காலை 11:15. தண்டையார்பேட்டை

ராட்வைலர், பிட்புல் இதையெல்லாம் தடை பண்ணிட்டா முடிஞ்சது.

9 ஜூலை, மதியம் 2:00. வியாசர்பாடி

2024 மார்ச்சுல மத்திய அரசு 23 இனத்தைத் தடை பண்ணச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டுது, அடுத்த மாசமே டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செஞ்சுது. பெரிய தாடை உள்ள நாய் கடிச்சா சேதம் அதிகம், அதை மறுக்கலை. ஆனா இந்த இழையில கடிச்சது சாதாரணக் கலப்பு நாய். நம்ம ஊர் நாயையும் தெரிஞ்சு வளர்க்கணும். ராஜபாளையம் இனத்துல வெள்ளை நாய்களுக்குப் பிறவிச் செவிடு வர்றதுண்டு. பின்னாலேர்ந்து பிள்ளை தொட்டா திடுக்கிட்டுத் திரும்பும். சிப்பிப்பாறை, கன்னி ரெண்டும் ஓடுறதைத் துரத்துற வேட்டை நாய். மூணடிச் சந்துல பிள்ளைங்க ஓடிப்பிடிச்சு விளையாடினா அதுக்கு ரத்தம் சூடேறும்.

முகமூடி போட்டா போதுமேன்னும் கேட்பாங்க. துணியில வாயைக் கட்டுற முகமூடி நம்ம வெயிலுக்கு ஆகாது. நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிச்சுக்கும். கூடை மாதிரி இருக்கிறது வாங்குங்க, உள்ளே வாய் திறக்கணும், தண்ணி குடிக்கணும். அதுவும் வெளியே கூட்டிப்போகும்போது மட்டும்.

9 ஜூலை, இரவு 8:40. கொருக்குப்பேட்டை

லைன்ல சிலர் நாயை அடிச்சுக் கொன்னுடணும்னு சொல்றாங்க. ஓனர் பயந்துபோய் எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடலாம்னு பார்க்கிறார்.

9 ஜூலை, இரவு 8:52. ராயபுரம்

ரெண்டும் கூடாது! ஜூலை 15 வரைக்கும் அந்த நாய் உயிரோட, கண்ணு முன்னாடி இருக்கணும். கடிச்சப்போ அதோட எச்சில்ல வெறிக்கிருமி இருந்திருந்தா 10 நாளுக்குள்ள நாய்க்கே நோய் தெரிஞ்சு செத்துடும். அது நல்லா இருக்குங்கிறது பையனுக்குக் கிடைக்கிற பெரிய ஆறுதல். வாய் தொங்கி எச்சில் வழியுறது, குரல் மாறுறது, தண்ணி விழுங்க முடியாம திணறுறது எதைப் பார்த்தாலும் கிட்டப் போகாம வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் மாநகராட்சி 1913-க்கும் சொல்லுங்க. செத்துட்டாலும் புதைச்சுடாதீங்க, மூளையைச் சோதிச்சாத்தான் உறுதியாத் தெரியும்.

9 ஜூலை, இரவு 9:30. பாரிமுனை

கொன்றால் பி.என்.எஸ். 325, 5 ஆண்டு வரை சிறை. கொண்டுபோய் விட்டுவிடுவதும் விலங்குவதைச் சட்டப்படி குற்றம். அது இன்னொரு தெருவின் பிள்ளைகளிடம் அந்த ஆபத்தைத் தள்ளுவதும்கூட.

10 ஜூலை, வியாழன், இரவு 10:10. பாரிமுனை

காகிதங்கள் பற்றிக் கேட்டு இரண்டு பேர் தனியாக எழுதியிருந்தார்கள். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். என்பார்கள், "வளர்ப்பு நாய், இன்ன முகவரி" என்று எழுதச் சொல்லுங்கள். நகலைப் பிறகு கேட்டுப் பெறலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். முகம் நிரந்தரமாக உருக்குலைந்தால் அது 116-ஆம் பிரிவின்படி கொடுங்காயம். 15 நாள் கடும் வலியோ வழக்கமான காரியங்களைச் செய்ய முடியாமையோ இருந்தாலும் அப்படியே. அப்போது பிறர் பாதுகாப்புக்கு ஆபத்தான செயலுக்கான 125-ஆம் பிரிவும் சேரலாம், 3 ஆண்டு வரை சிறை. எனவே காயத்தைத் தேதியோடு படம் எடுங்கள், முதல் நாள், பத்தாம் நாள், மாதம் ஒன்று. சங்கிலி, கொக்கி, படிக்கட்டு மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படியும் ஒன்று, பக்கத்தில் அளவு டேப்போடு.

ஓனர் இப்போதே பத்தாயிரமோ இருபதாயிரமோ கொடுத்து "இனி கேட்கமாட்டோம்" என்று எழுதி வாங்கப் பார்த்தால், மருந்துச் செலவுக்கு என்று மட்டும் ரசீது எழுதிக் கொடுத்துப் பெறுங்கள். முகத் தழும்பு முதிர ஓர் ஆண்டு வரை ஆகும், பிள்ளை வளர வளர அது இழுக்கவும் செய்யும். பிறகு என்ன அறுவை தேவைப்படும் என்று இன்று யாருக்கும் தெரியாது. பிள்ளை சார்பில் பெற்றோர் இப்போதே வழக்குத் தொடுக்கலாம். தொடுக்காவிட்டாலும், அவனுக்கு 18 நிறைந்தபின் 3 ஆண்டு வரை காலம் உண்டு. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும், 15100.

11 ஜூலை, வெள்ளி, காலை 7:00. வியாசர்பாடி

ஓனர் கேட்டா இதைக் கொடுங்க. நாயைப் பின்கட்டுக்கு மாத்தணும். குறுக்கே மூணரை அடி அகலத்துக்குக் கிரில், அடியிலேர்ந்து 3 அடி உயரத்துக்கு ஒரு அங்குலக் கம்பி வலை (வெல்டு மெஷ்), இல்லைன்னா கம்பி இடுக்குல பிள்ளைங்க கையை விடும். தாழ்ப்பாள் 5 அடி உயரத்துல, கதவு தானா மூட ஸ்பிரிங். சாப்பாடு கிரிலுக்கு உள்ளே, வச்சு 20 நிமிஷத்துல தட்டை எடுத்துடணும். காலையும் சாயங்காலமும் அரை மணி நடை, பெரியவர் கையில. வெறிநாய்த் தடுப்பூசி வருஷா வருஷம். அந்தச் சான்று இருந்தாத்தான் மாநகராட்சி உரிமம் கிடைக்கும். கருத்தடையும் செஞ்சுடலாம்.

11 ஜூலை, இரவு 9:15. கொருக்குப்பேட்டை

காட்டினேன். ஓனர் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் அந்தச் சங்கிலியை அவரே அளந்து பார்த்தார். கிரில் வேலைக்கு ஆள் சொல்லியிருக்கார். மருந்துச் செலவு ரசீதை வாங்கிக்கிட்டார். பையனோட பாட்டி கருவாடு, மீன் எதுவும் கொடுக்காம பத்தியம் வச்சிருக்காங்க. தொப்புளைச் சுத்தி 14 ஊசின்னு வேற பயமுறுத்துறாங்க.

11 ஜூலை, இரவு 9:40. ராயபுரம்

அந்த 14 ஊசி பழைய ஆட்டு மூளைத் தடுப்பூசிக் காலத்துக் கதை. இருபது வருஷத்துக்கு முன்னாடியே நிறுத்தியாச்சு. பாட்டி பார்த்தது நிஜம்தான், அதனால கோபப்படாமச் சொல்லுங்க. இந்த ஊசிக்குப் பத்தியம் கிடையாது, மீன் கொடுக்கலாம், புண்ணு ஆற நல்லது. நாளைக்கு மூணாவது ஊசி, கைத்தோள்ல. ரெண்டு வயசுக்குக் கீழேன்னா தொடையில. யாருக்குமே புட்டத்துல போடக் கூடாது.

16 ஜூலை, புதன், காலை 8:30. கொருக்குப்பேட்டை

நாய் நல்லாச் சாப்பிடுது, பத்து நாள் முடிஞ்சது. 19-ஆம் தேதி ஊசி வேணுமா?

16 ஜூலை, காலை 9:05. ராயபுரம்

நீங்களா நிறுத்தாதீங்க, அட்டையை டாக்டர்கிட்ட காட்டிக் கேளுங்க. நாய் ஆரோக்கியமா இருந்தா 14-ஆம் நாள் ஊசியை விட்டுட்டு 28-ஆம் நாளோடது மட்டும் போடலாம்னு தேசிய வழிகாட்டுதல்ல இருக்கு. அப்படிச் சொன்னா ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. போட்டதும் அட்டையைக் கிழிச்சுப் போடாம பிறப்புச் சான்றிதழோட வச்சுடுங்க. இனி எப்பவாவது கடி பட்டா அவனுக்கு 0, 3 ரெண்டே நாள் ஊசி போதும், புண்ணைச் சுத்திக் குத்த வேண்டியதில்லை. அதுக்கு அத்தாட்சி அந்த அட்டைதான்.